விளம்பரத்தில் எழுதியதும் வண்டியில் பொறித்ததும்

மொன்றியலில் பழைய மலைச் சைக்கிள் ஒன்றை இணைய விளம்பரம் பார்த்து வாங்க நினைப்பவர், அந்த விளம்பரத்தில் விற்பவர் எழுதியிருக்கும் விவரங்களுள் பெரும்பகுதி அவர் சோதித்து அறிந்தவை அல்ல, கேட்டும் ஊகித்தும் எழுதியவை என்பதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. கிஜிஜி, ஃபேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸ், கியூபெக் மாகாணத்துக்கே உரிய லெஸ்பாக் ஆகிய தளங்களில் இவ்வண்டிகளை விற்பவர்களுள் சைக்கிள் தொழில் தெரிந்தவர்கள் குறைவு. நகரத்தில் பாதிப்பேர் வீடு மாறுவதுபோல் தோன்றும் ஜூலை 1ஆம் தேதிக்கு முன் நிலவறையைக் காலி செய்பவர்களும், பிள்ளைகள் விட்டுச்சென்ற வண்டியை அப்புறப்படுத்த நினைக்கும் பெற்றோர்களுமே மிகுதி. அவர்கள் எழுதும் பிழைகளில் வேண்டுமென்றே செய்யும் ஏமாற்றும் உண்டு, என்றாலும் அறியாமையால் நேர்பவையே அதிகம். வாங்குபவருக்கு ஏற்படும் நட்டம் இரண்டிலும் ஒன்றுதான். அதே அறியாமை எதிர்த்திசையிலும் வேலை செய்வதால், கையால் பற்றவைத்த அருமையான எஃகு வண்டி ‘பழைய சைக்கிள், 21 கியர்’ என்ற ஒற்றை வரியோடு அடிமாட்டு விலைக்குப் போவதும் நடக்கிறது. ஆகவே விற்பவரின் சொல்லை நம்புவதா வேண்டாமா என்று குழம்புவதைவிட, வண்டியையே வாசிக்கக் கற்றுக்கொள்வது பயன் தரும்.

மலைச் சைக்கிள் என்பது கரடுமுரடான பாதையில் ஓட்டுவதற்கென்றே அகலமான டயர், வலுவான சட்டகம், பல கியர்கள் ஆகியவற்றுடன் 1970களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் உருப்பெற்று, 1981இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் மூலம் பெருமளவு உற்பத்திக்கு வந்த வகையாகும். இந்நூலில் ‘பழைய’ என்ற சொல் 1981 முதல் 1990களின் நடுப்பகுதி வரையான வண்டிகளைக் குறிக்கிறது. கியூபெக்கில் இவை ஏராளமாக மிஞ்சியிருப்பதில் வியப்பில்லை. உலக மலைச் சைக்கிள் சாம்பியன் போட்டி 1992இல் புரோமோனிலும் 1998இல் மோன்-செந்த்-ஆனிலும் நடந்த மாகாணம் இது, அந்த ஆண்டுகளில் அந்த மோகம் இங்கே உச்சத்தில் இருந்தது.

ஆண்டு

விளம்பரங்களில் மிக அதிகமாகத் தவறுவது வண்டியின் வயதுதான். ‘80களின் வண்டி’ என்றால் மதிப்புக் கூடும் என்ற எண்ணம் பரவியிருப்பதால், 1996இல் கடையில் வாங்கிய வண்டிகூட அப்படியே அறிவிக்கப்படுகிறது. இதைச் சரிபார்க்க எவருடைய நினைவாற்றலையும் நம்ப வேண்டியதில்லை, ஏனெனில் அக்காலத்து மலைச் சைக்கிள்களில் மிகப் பெரும்பாலானவை ஜப்பானின் ஷிமானோ நிறுவனத்தின் பாகங்களைத் தாங்கியவை, அந்நிறுவனம் தன் பாகங்களில் உற்பத்திக் காலத்தை இரண்டு ஆங்கில எழுத்துகளாகப் பொறித்துவந்தது. முதல் எழுத்து ஆண்டைக் காட்டும்: ‘ஏ’ என்றால் 1976, ‘பி’ என்றால் 1977 என்று வரிசையாக ஏறி, ‘இசட்’ 2001இல் முடியும், 2002இல் மறுபடி ‘ஏ’யில் தொடங்கும். இரண்டாம் எழுத்து மாதம்: ‘ஏ’ ஜனவரி, ‘எல்’ டிசம்பர். இவ்விதம் ‘பி’ என்ற பதினாறாம் எழுத்தும் ‘ஜே’ என்ற பத்தாம் எழுத்தும் சேர்ந்திருந்தால் 1991 அக்டோபர் என்று பொருள். ஆங்கில நெடுங்கணக்கில் இரண்டாவதாக வருவதும் பதினாறாவதாக வருவதும் தமிழில் எழுதும்போது ஒன்றுபோலத் தோன்றுவதால், எழுத்தின் இடத்தை எண்ணியே கணக்கிட வேண்டும்.

இந்த எழுத்துகள் பின்சக்கரத்தருகே சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடும் டிரேலியர் என்ற பாகத்தின் உட்புறத்திலும், பெடலைத் தாங்கும் கிராங்க் கையின் உட்பக்கத்திலும் சிறிதாக இருக்கும். முப்பது ஆண்டுக் கிரீசும் தூசியும் கட்டிப்போய் மூடியிருப்பதால் வெறும் கண்ணுக்கு அங்கே எதுவும் இருப்பதாகவே தோன்றாது. பழைய துணியால் அழுத்தித் துடைத்து, கைப்பேசியின் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், பொறிப்பின் விளிம்பில் நிழல் விழுந்து எழுத்து தெளியும். ஒரு பாகத்தின் எழுத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது பிழை, அந்தப் பாகம் இடையில் மாற்றப்பட்டிருக்கலாம். டிரேலியர், கிராங்க், சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப், பிரேக் ஆகியவற்றுள் மூன்று நான்கு பாகங்களின் காலம் ஒன்றையொன்று சில மாதங்களுக்குள் ஒட்டி அமைந்தால், வண்டி தொழிற்சாலையில் பூட்டிய பாகங்களோடே இருக்கிறது என்றும், பெரும்பாலும் அதற்கு அடுத்த ஆண்டின் மாதிரியாக விற்கப்பட்டது என்றும் கொள்ளலாம். ‘எல்லாம் அசல் பாகங்கள்’ என்ற வாசகத்தைச் சோதிக்க இதைவிட எளிய வழி கிடையாது.

படத்தை மட்டும் பார்த்தே ஓரளவு காலம் கணிக்கவும் முடியும். இரண்டு நீண்ட கைகள் நிமிர்ந்து நின்று ரிம்மை இருபுறமும் கவ்வும் வி-பிரேக் 1996ஆம் ஆண்டு மாதிரிகளோடு வந்தது; அது தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருந்தால் வண்டி 80களைச் சேர்ந்ததாக இருக்க முடியாது. பின்பிரேக் சக்கரத்துக்கு மேலே இல்லாமல் சட்டகத்தின் அடிக்குழாய்களுக்குக் கீழே ஒளிந்திருந்தால் அது 1980களின் பிற்பகுதிக்கே உரிய அடையாளம். ஹேண்டில்பாரின் மேற்பக்கம் கட்டைவிரலால் தள்ளும் கியர் நெம்புகோல் பழையது, அடிப்பக்கம் இரட்டை நெம்புகோலாக இருப்பது 1990ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ வந்தது.

பெயரும் பிறப்பிடமும்

சட்டகத்தில் ஒட்டியிருக்கும் பெயர் மட்டும் ஒரு வண்டியின் பிறப்பிடத்தைச் சொல்லிவிடாது என்பதற்குக் கனடாவின் சிசிஎம் நல்ல சான்று. 1899இல் தொடங்கி, ரொறன்ரோவை ஒட்டிய வெஸ்டனில் பல்லாண்டுகள் தொழிற்சாலை நடத்திய அந்நிறுவனம் 1983இல் நொடித்துப்போயிற்று. அதன்பின் சைக்கிளுக்கான அப்பெயர் கியூபெக்கின் போஸ் பகுதியில் உள்ள சென்-ஜோர்ஜ் ஊரின் புரோசைக்கிள் நிறுவனத்தின் கைக்கு வந்தது. ஆகையால் ‘நூற்றாண்டுப் பாரம்பரியம் கொண்ட சிசிஎம்’ என்று எழுதப்படும் 1990களின் மலைச் சைக்கிளுக்கும் பழைய வெஸ்டன் தொழிற்சாலைக்கும் பெயரைத் தவிர எந்த உறவும் இல்லை. பிரெஞ்சுப் பெயர் என்பதால் மொன்றியலில் தனி மதிப்புப் பெறும் பெஜோவும் இப்படிப்பட்டதுதான்: 1990களில் கனடாவில் அப்பெயரைத் தாங்கிய வண்டிகள் அதே புரோசைக்கிள் நிறுவனம் உரிமம் பெற்று விற்றவை, அவற்றைப் ‘பிரான்சில் செய்தது’ என்று எழுதுவது பிழை. அந்த வண்டிகள் மட்டம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அவற்றுள் பல நன்றாக ஓடுகின்றன, கூடுதல் விலைக்குக் காட்டப்படும் காரணம் மட்டுமே தவறு.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1981இல் தொடங்கிய ராக்கி மவுண்டன் நிறுவனத்தையும் 1997இல் புரோசைக்கிள் வாங்கியது. இதை அறிந்தவர், 1990களின் தொடக்கத்து ராக்கி மவுண்டன் ஒன்றைக் ‘கியூபெக் வண்டி’ என்று அறிவிக்கும் விளம்பரத்தைக் கண்டதும் விற்பவருக்கு வரலாறு தெரியாது என்று ஊகித்துவிடலாம். அப்படிப்பட்ட விளம்பரத்தில் வண்டியின் ஆண்டும் தவறாக இருக்க வாய்ப்பு உண்டு.

குரோமோலி என்ற சொல்

‘குரோமோலி சட்டகம்’ என்ற சொற்றொடர் இவ்விளம்பரங்களில் அர்ச்சனை மந்திரம்போல் திரும்பத் திரும்ப வருகிறது. குரோமியமும் மாலிப்டினமும் கலந்த, 4130 என்ற எண்ணால் அறியப்படும் எஃகு அது. சாதாரண ‘ஹை-டென்’ எஃகைவிட வலிமை மிக்கதாகையால் குழாயை மெல்லியதாக இழுக்க இடம் தருகிறது, அதனால் சட்டகம் எடை குறைந்து, ஓட்டத்தில் துள்ளலோடு இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், மலிவு வண்டிகளில் மூன்று முதன்மைக் குழாய்களுக்கோ, சில வேளை ஒரே ஒரு குழாய்க்கோ மட்டும் இந்த எஃகைப் பயன்படுத்திவிட்டு, ஒட்டுத்தாளில் பெரிய எழுத்தில் ‘குரோமோலி’ என்றும் சிறிய எழுத்தில் எந்தக் குழாய் என்றும் அச்சிட்டார்கள். விற்பவர் பெரிய எழுத்தை மட்டும் படித்து எழுதுகிறார். எனவே சீட்டுக்குக் கீழுள்ள குழாயில் ஒட்டியிருக்கும் அந்தத் தாளின் தெளிவான படத்தைக் கேட்டு வாங்குவது முதல் வேலை. தாங்கே பிரெஸ்டீஜ், ரிட்சி லாஜிக், ட்ரூ டெம்பர் போன்ற குழாய்ப் பெயர்கள் அதில் இருந்தால், விளம்பரம் ஒற்றை வரியாக இருந்தாலும் நேரில் சென்று பார்க்கத் தக்க வண்டி அது.

காந்தத்தை ஒட்டிப்பார்த்துச் சோதிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். காந்தம் எஃகையும் அலுமினியத்தையும் பிரித்துக் காட்டும், இரண்டு வகை எஃகையும் பிரித்துக் காட்டாது. அதைவிட நம்பத் தகுந்த குறிப்பு சீட்டைத் தாங்கும் தண்டில் இருக்கிறது: சட்டகக் குழாயின் சுவர் மெல்லியதாக இருக்க இருக்க அதற்குள் நுழையும் தண்டு தடிக்கும். தண்டின் அடிப்பகுதியில் பொறித்திருக்கும் விட்டம் 26.6 முதல் 27.2 மில்லிமீட்டர் வரை இருந்தால் குழாய் நல்ல தரமாக இருக்க வாய்ப்பு அதிகம், 25.4 என்று இருந்தால் ஐயம் கொள்ளலாம். இது விதியன்று, குறிப்பு மட்டுமே.

அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். விளம்பரத்தில் ‘அளவு 26’ என்று இருந்தால் அது சக்கரத்தின் விட்டம். அக்காலத்து மலைச் சைக்கிள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் 26 அங்குலச் சக்கரம்தான் என்பதால், அது ஓட்டுபவரின் உயரத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை. பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட் குழாயின் மேல்விளிம்பு வரை அளந்து, அந்த அளவைக் கேட்க வேண்டும். 16, 18, 20 என்றவாறு அங்குலத்தில் வருவது அதுதான். நேரில் நிற்கும்போது மேல்குழாய்க்கும் கவட்டுக்கும் இடையில் குறைந்தது 2 அல்லது 3 அங்குலம் இடைவெளி வேண்டும்.

‘கோடையில் மட்டும் ஓட்டியது’

மொன்றியல் சாலைகளில் குளிர்காலம் முழுதும் பனியை உருக்க உப்புத் தூவப்படுகிறது. இந்நகரின் பழைய சைக்கிள்களுக்கு மிகப் பெரிய எதிரி அந்த உப்புதான், விளம்பரங்களில் மிக அதிகமாக மறைக்கப்படுவதும் அதன் வேலைதான். பிரெஞ்சில் ‘ருயி த சுர்ஃபாஸ்’, அதாவது மேல்துரு மட்டும் என்று எழுதியிருப்பது சில நேரம் உண்மையே. ஆனால் எஃகுச் சட்டகம் வெளியிலிருந்து துருப்பிடிப்பதைவிட, குழாய்க்குள் இறங்கி வெளியேற வழியின்றித் தேங்கும் நீரால் உள்ளிருந்து துருப்பிடிப்பதே அபாயமானது. அந்த நீர் கடைசியில் சேருமிடம் பெடல் அச்சைத் தாங்கும் பாட்டம் பிராக்கெட் என்ற குழாய்க்கூடு. வண்டியைத் தலைகீழாகத் திருப்பி, அந்தக் கூட்டின் அடியிலும், அதிலிருந்து பின்சக்கரத்துக்குச் செல்லும் இரு குழாய்களின் தொடக்கத்திலும் வண்ணப்பூச்சு கொப்புளமாக எழும்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கொப்புளத்தை அழுத்தும்போது உள்வாங்கினாலோ பழுப்புத் தூள் உதிர்ந்தாலோ அச்சட்டகத்துக்குப் பணம் கொடுப்பது வீண்.

குளிர்காலம் கண்ட வண்டியை ஆரக்கம்பிகளின் நுனியும் காட்டிக்கொடுக்கும். கம்பியை ரிம்மோடு இறுக்கும் சிறு மரைக்கூடுகளைச் சுற்றி வெண்மையான மாவு படிந்திருந்தால் அது உப்பு விளைத்த அரிப்பின் அடையாளம். அவற்றைத் திருகி ரிம்மை நேராக்க முயன்றால் பல உடைந்துபோகும், சக்கரத்தையே மாற்ற நேரிடும். சட்டகம் பளபளவென்று துடைக்கப்பட்டிருக்கும் வண்டியிலும் இந்த இடத்தை எவரும் துடைப்பதில்லை.

சீட் தண்டு இவை எல்லாவற்றினும் முக்கியம். அலுமினியத் தண்டு எஃகுக் குழாய்க்குள் பல ஆண்டுகள் அசையாமல் இருக்கும்போது, இரு உலோகங்களுக்கும் இடையில் உப்புநீரால் மின்வேதி அரிப்பு ஏற்பட்டு, அலுமினிய ஆக்சைடு பெருத்து, இரண்டும் பற்றவைத்ததுபோல் இறுகிவிடும். விற்பவர் இதை அறிந்தே இருக்க மாட்டார், ஏனெனில் அவர் சீட்டை ஒருபோதும் ஏற்றி இறக்கியிருக்க மாட்டார். இறுக்கியைத் தளர்த்தி, சீட்டை இடம்வலமாகத் திருப்பிப் பார்ப்பது அரை நிமிட வேலை. திரும்பவில்லை என்றால், அந்த உயரம் வாங்குபவருக்குத் தற்செயலாகப் பொருந்தினாலொழிய, வண்டியை விட்டுவிடுவது நல்லது. இறுகிய தண்டை எடுக்கும் பட்டறைக் கூலி பல வேளைகளில் வண்டியின் விலையைத் தாண்டிவிடும்.

‘புதிது போல’, ‘பட்டறையில் சரிசெய்தது’

‘கொம் நெஃப்’ என்றால் புதிது போல என்பது. ‘மீஸ் ஓ ப்வான்’ என்றால் பட்டறையில் முழுமையாகச் சரிபார்த்து ஒழுங்குபடுத்தியது என்பது. இரண்டாவது வாசகத்துக்கு ரசீது கேட்பதில் தவறே இல்லை. ரசீது இல்லையென்றால் சங்கிலியை அளந்தால் போதும். புதுச் சங்கிலியில் ஓர் ஊசியின் நடுவில் அளவுகோலின் பூச்சியத்தை வைத்தால் 12 அங்குலக் கோடு இன்னோர் ஊசியின் நடுவில் சரியாக விழும். ஊசி கோட்டைத் தாண்டி பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நகர்ந்திருந்தால் சங்கிலி தேய்ந்துவிட்டது, எட்டில் ஒரு பங்கு நகர்ந்திருந்தால் சங்கிலியோடு பற்சக்கரங்களும் தேய்ந்துவிட்டன. அந்த வண்டியைப் பட்டறையில் சரிசெய்ததாக எழுதியிருந்தால், அவ்வாசகம் நம்பத் தக்கதன்று.

விபத்தில் சிக்கிய வண்டியை எந்த விளம்பரமும் அப்படிச் சொல்வதில்லை. முன்சக்கரம் எதிலாவது நேராக மோதியிருந்தால், ஹேண்டிலைத் தாங்கும் தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் சிறு வீக்கமோ வண்ணப்பூச்சில் மெல்லிய சுருக்கமோ விழும். கண்ணுக்குத் தப்புவது விரல்நுனிக்குத் தப்பாது. முன் ஃபோர்க்கில் அதிர்வுதாங்கி உள்ள 1990களின் வண்டிகளில், ‘சஸ்பென்ஷன் வேலை செய்கிறது’ என்ற வாசகத்துக்கும் தனிக் கவனம் வேண்டும். அவற்றுள் பலவற்றில் எலாஸ்டோமர் என்ற ரப்பர் போன்ற துண்டுகளே சுருள்வில்லின் வேலையைச் செய்தன. அவை காலப்போக்கில் கெட்டியாகியோ நொறுங்கியோ போகும், மாற்றுத் துண்டுகளும் எளிதில் கிடைப்பதில்லை. அசையும் ஃபோர்க்கைவிட அசையாத எஃகு ஃபோர்க்கே இவ்வயது வண்டிக்கு உகந்தது என்பது இந்நூலின் தீர்மானமான கருத்து. மவுண்ட் ரோயல் குன்றின் ஒல்ம்ஸ்டெட் சரளைப் பாதைக்கும் லஷீன் கால்வாய்க் கரைக்கும் அது போதுமானதற்கும் மேல்.

எண்ணும் சட்டமும்

விளம்பரத்தில் எழுதப்படாத ஒரு விவரத்தை வாங்குபவர் தாமே கேட்டுப் பெற வேண்டும்: பாட்டம் பிராக்கெட்டின் அடியில் பொறித்த வரிசை எண். அந்த எண்ணைக் கனடியக் காவல்துறைத் தகவல் மையத்தின் பொதுத் தேடல் பக்கத்திலும், சைக்கிள் பதிவுத் தளமான 529 கராஜிலும் இட்டுப் பார்த்தால், திருட்டு வண்டி என்று பதிவாகியிருந்தால் தெரிந்துவிடும். எண்ணைச் சுரண்டி அழித்திருந்தாலோ, படம் அனுப்ப விற்பவர் மறுத்தாலோ பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

சொன்னதற்கு மாறான வண்டி கைக்கு வந்துவிட்டால் கியூபெக் சட்டம் வாங்குபவரைக் கைவிடுவதில்லை. விற்றவர் வியாபாரியாக இருந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 41ஆம் பிரிவு அவருடைய விளம்பர வாசகமே அவரைக் கட்டுப்படுத்தும் என்கிறது. விற்றவர் தனி நபராக இருந்தால் 1994 முதல் நடப்பில் உள்ள கியூபெக் குடிமையியல் சட்டத்தொகுப்புப் பொருந்தும்: 1726ஆம் பிரிவு மறைந்திருக்கும் குறைகளுக்கு விற்பவரைப் பொறுப்பாக்குகிறது, ஆனால் கவனமுள்ள ஒருவர் நிபுணரின் உதவியின்றியே கண்டுகொள்ளக் கூடிய குறைக்கு அவர் பொறுப்பல்லர், 1401ஆம் பிரிவின்படி வேண்டுமென்றே பொய் சொல்வது மட்டுமன்றி, தெரிந்ததைச் சொல்லாமல் மறைப்பதும் வஞ்சகமாகக் கருதப்படலாம். சட்டகத்தின் வெளித்துருவைப் பார்க்காமல் வாங்கிவிட்டு வழக்காட முடியாது என்பதால், மேலே சொன்ன சோதனைகளுக்குச் சட்டக் காரணமும் உண்டு. வாங்குபவர் தம் சொந்தப் பொறுப்பில் வாங்குவதாக ஒப்புக்கொள்ளும் வாசகத்தில் கையொப்பமிட்டால், தொழில்முறை சாராத விற்பவர் குறைகளுக்கான பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள 1733ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்த வாசகத்தைக் கண்டால் விலையைக் குறைத்தே பேச வேண்டும். குறை தெரிந்ததும் நியாயமான காலத்துக்குள் எழுத்து மூலம் விற்றவருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1739ஆம் பிரிவு. அதன் பிறகும் தீராவிட்டால் 15,000 டாலர் வரையான வழக்குகளை ஏற்கும், நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவு இருக்கிறது. அங்கே பொதுவாக வழக்கறிஞர்கள் ஆஜராவதில்லை, வழக்காடுபவர் தாமே பேசலாம்.

இவை அனைத்துக்கும் சான்று விளம்பரமே என்பதால், விற்பனை முடிந்த கணத்தில் அது நீக்கப்பட்டுவிடும் என்பதை எண்ணி, நேரில் பார்க்கப் புறப்படும் முன்பே விளம்பரத்தையும் எழுத்து உரையாடலையும் திரைப்பிடிப்பாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பணம் கைமாறும்போது வண்டியின் பெயர், வரிசை எண், தேதி, விலை, விற்பவர் உறுதியாகச் சொன்ன விவரங்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். கையொப்பமிட விற்பவர் தயங்கினால், வண்டி எவ்வளவு பிடித்திருந்தாலும் பணத்தோடு திரும்பிவிடுங்கள்.